ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கேட்ட சங்கு

ராஜபாளையத்தில் சூரியன் உதிக்க அனுமதி கொடுத்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். இது என் கற்பனை இல்லை. அவரே அப்படித்தான் நம்பினார்.

ஒரு நூல் மில்லில் சங்கு ஊதுவது அவர் வேலை. சங்கு என்றால் ஷிப்டு மாறும்போது கூரைக்கு மேலிருந்து அலறுகிற சைரன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அறைக்குள் ஒரு கறுப்புப் பொத்தான், பொத்தானுக்கு எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் அவர். பெயர் என்னவென்று மில் ஆபீசில் கேட்டால்தான் தெரியும். ஊருக்கு அவர் சங்கு அண்ணாச்சி.

அவர் பொத்தானை அழுத்தியதை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தார். நெஞ்சு விரிந்தது, கன்னம் இரண்டும் பரங்கிக்காய் மாதிரி உப்பியது. அதற்குப் பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போனது. மேலே சைரன் அலற அலற, இங்கே இவர் முகம் சிவந்து நரம்பு புடைத்தது. கரண்டு ஊதுகிறது என்று யாராவது அவரிடம் சொன்னால் கேட்கமாட்டார். ஊதி முடித்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார்.

மில் நிர்வாகம் அந்த அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

"கடியாரத்தப் பாக்காம எப்படி அண்ணாச்சி ஊதுறீய?" என்று கேட்டேன்.

"ஏலே, நான் ஊதுறதப் பாத்துத்தான் அது ஓடுது. அதப் பாத்து நான் ஊதுனா நல்லாவா இருக்கும்?"

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்த நேரமெல்லாம் அவரிடம் உண்டு. "நீ ரெண்டாஞ்சங்குக்கு முந்திப் பொறந்தவன்லா, அதான் எல்லாத்துலயும் அவசரம்" என்பார். என்னை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ எந்தச் சங்குக்கும் பொறக்கல" என்று முடித்துவிட்டார்.

அதில் உண்மை இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். அதன் பிறகு கால் போன ஊரில் இருந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒரு லாரிக்காரர் என்னோடு சண்டை போட்டு இறக்கிவிட்ட இடம் ராஜபாளையம். மில்லில் பஞ்சுப் பொதி இறக்கும் கூலி வேலை கிடைத்தது. தூக்கம் குடோனில், பொதி சுற்றி வந்த சாக்கின் மேல். சாப்பாடு, கிடைக்கிற அன்றைக்கு. அண்ணாச்சி குடும்பம் பழக்கமான பிறகு தினமும் ஒரு வேளை நிச்சயமானது. அதற்குக் காரணம் அரசாங்கம்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், வசந்தா. மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பிள்ளை. அப்போது காலேஜ் பிள்ளைகளை அரசாங்க ஆபீசுகளில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பி, அதற்கு உதவித்தொகையும் கொடுக்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது. பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே போய் உலகம் பார்க்கவேண்டும், ஆகவே சொந்த ஊரில் பயிற்சி எடுக்கக் கூடாது, போன ஊரிலேயே தங்கவேண்டும் என்பது விதி. கூடப் படித்தவர்களுக்குச் சென்னை, கோயம்புத்தூர் என்று கிடைத்தது. வசந்தாவுக்குக் கிடைத்த உலகம் ஸ்ரீவில்லிபுத்தூர். சொந்த ஊருக்கு வெளியே என்று எழுதியவர்கள், எவ்வளவு வெளியே என்று எழுத மறந்துவிட்டார்கள்.

டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் பாதித் தூக்கத்தில் வந்துவிடும் ஊர். ஆனால் வசந்தா கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நடந்ததைப் பார்த்தவர்கள், அவள் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். டிரங்குப் பெட்டி, பாய், தலையணை, இரண்டு நாள் கெடாத புளிச்சோறு. போதாததற்கு ஒரு குடம் ராஜபாளையத்துத் தண்ணீர்.

"அந்த ஊருத் தண்ணி பிள்ளைக்குச் சேராது" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி மாடத்தி அக்காவுக்கு இதெல்லாம் தாங்காது. "ஏ மனுசா, ஆடித் தேருக்கு வருசா வருசம் நடந்தே போயி அந்தத் தண்ணியத்தான குடிச்சிட்டு வாரோம். செத்தா போனோம்?"

"அது திருவிழாத் தண்ணிட்டி. தங்குற தண்ணி வேற."

துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். கண்டக்டர் படியில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, இது டவுன் பஸ்ஸு. நீங்க அழுது முடிக்கதுக்குள்ள நான் போயிட்டே திரும்பி வந்துருவேன்."

பஸ் போன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"ஏலே, அந்த ஆஸ்டல் இருக்க பக்கம் மில்லே கிடையாதாம். கோபுரம் மட்டும் அம்புட்டு ஒசரத்துக்குக் கட்டி வச்சிருக்கான். சங்கு இல்லாம அங்க எப்படில விடியும்?"

நான் சிரித்துவிட்டேன். தினமும் மத்தியானம் வசந்தாவுக்குச் சோற்றுத் தூக்கு கொண்டுபோய்க் கொடுப்பது, அதற்குப் பதிலாக அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிடுவது என்று எனக்கு வேலை பேசினார்கள். அப்படித் தூக்கோடு போன முதல் வாரத்திலேயே என் சிரிப்பு நின்றுபோனது.

விடுதி வாசலில் வார்டன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, இந்தப் பிள்ளைக்கு என்ன வியாதி? விடியக்காலம் மணி அடிச்சாச்சு, தட்டியாச்சு, மூஞ்சில தண்ணியும் ஊத்தியாச்சு. அசைய மாட்டேங்கா. நாங்க பயந்துபோயி மூக்குல கை வச்சுப் பாத்தோம்."

வசந்தா பயிற்சிக்குப் போனது பயிர்க் கணக்கு எடுக்கிற ஆபீஸ். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று, விடிகிற நேரத்திலேயே ஜீப் வன்னியம்பட்டி, மகாராஜபுரம் பக்கம் கிளம்பிவிடும். அதை அவள் ஒரு நாள் தவறவிட்டிருந்தாள்.

"நான் என்னண்ணே பண்ணட்டும்? கண்ணு முழிச்சுப் பாத்தா ஜீப்பு போயிருக்கு" என்று அழுதாள்.

யோசித்துப் பார்த்தால் அவள்மேல் தப்பில்லை. அவள் பிறந்ததே சங்கு அறைக்குப் பின்சுவரை ஒட்டிய லைன் வீட்டில். தொட்டில் கட்டிய உத்தரத்துக்கு நேர்மேலே சைரன். இருபது வருஷம் அந்த அலறலில் விழித்த காதுக்கு, மற்றச் சத்தமெல்லாம் தாலாட்டு.

நான் போய்ச் சொன்னதும் அண்ணாச்சி கடைத்தெருவுக்குப் போய் அலாரம் வைத்த கடிகாரம் ஒன்று வாங்கினார். கடிகாரம் என்ற சாதியையே மதிக்காத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். சத்தம் பெரிதாகக் கேட்க அதைப் பித்தளை அண்டாவுக்குள் வைக்கச் சொல்லி, அண்டாவையும் என் தலையில் ஏற்றி அனுப்பினார். மறுநாள் விடியலில் விடுதி முழுவதும் எழுந்துவிட்டது. எதிர் வீடு எழுந்தது. தெருநாய்கள் எழுந்தன. பக்கத்துத் தெருவில் பிரசவத்துக்கு நாள் பார்த்திருந்த ஒரு அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. வசந்தா மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜீப் இரண்டாவது தடவையும் போய்விட்டது. ஆபீஸ் அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் ஜீப்ப விட்டன்னா, இந்தப் பிள்ளை பயிற்சிக்கு லாயக்கில்லன்னு நான் எழுதித்தாம்மா ஆகணும்."

எழுதினால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் கடைசி வருஷப் படிப்பு நிற்கும். அண்ணாச்சி வாங்குகிற சம்பளத்தில் அரிசி வரும், காலேஜ் வராது. லைன் வீடுகளில் ஏற்கெனவே சில பேர், பொட்டப்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்க, அவள் திரும்பிவரும் நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு வார லீவு புதன்கிழமை. அன்று முதல் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். இருட்டு இன்னும் விலகவில்லை. பெண்கள் விடுதிக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்றார். கண்ணை மூடினார். நெஞ்சு விரிந்தது. கன்னம் உப்பியது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணாச்சி, வேண்டாம்..."

அதற்குள் ஊதிவிட்டார். பொத்தான் இல்லை, கரண்டு இல்லை, வெறும் வாயால். ஒரு மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நேரில் கேட்டிருக்காவிட்டால் நானே நம்பமாட்டேன். அசல் மில் சங்கு! கீழே தொடங்கி, ஏறி, உச்சியில் நின்று, இழுத்து, இறங்கியது. நாய்கள் சேர்ந்து பாடின. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. வார்டன் அம்மா விளக்குமாறோடு ஓடிவந்தார். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் அண்ணாச்சியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாருய்யா நீ?"

"சங்கு."

"என்னது?"

"ராஜபாளையம் மில்லு சங்கு, சார்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து வசந்தா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "சார், சார், எங்கப்பா சார் அது!"

எழுந்துவிட்டாள்! அன்று ஜீப்பில் முதல் ஆளாக ஏறியவள் அவள்தான். அடுத்த தடவை இந்தப் பக்கம் பார்த்தால் உள்ளே வைத்துவிடுவேன் என்று மிரட்டி அந்தப் போலீஸ்காரர் எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

வீட்டில் மாடத்தி அக்காதான் கேட்டாள். "இன்னைக்கு எழுப்பிட்டீக. நாளைக்கு?"

நாளைக்கு விடியலில் அவர் மில்லில் இருந்தாக வேண்டும். முற்றத்தில் நின்று துண்டை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். துண்டு வடகிழக்கே பறந்தது. ஆடி மாதம்.

"காத்து எங்கிட்டுப் போகுது பாத்தியாட்டி? நேரா பிள்ளை இருக்க ஊருக்குத்தான் போகுது."

"அதுக்கு? இங்க ஊதுனா அங்க கேக்குமாக்கும்? எம்புட்டுத் தூரம்!"

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம். என் சத்தம் பறக்காதா?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சாப்பிட்டுவிட்டுக் குடோனுக்குப் போய்ப் படுத்தேன்.

இந்த இடத்தில் அன்றைய ஊர் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரிய தலைவர் ஒருவர் அப்போது சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டீக்கடை ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். மில் ஊர்க்காரர்களுக்குச் சங்கின் பாஷை தெரியும். அளவாக ஊதினால் ஷிப்டு. விட்டு விட்டு ஊதினால் தீ விபத்து. நிற்காமல் நீளமாக ஊதினால், யாரோ பெரியவர் போய்விட்டார், எழுந்து நில்லுங்கள் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை விடியலில் சங்கு ஊதியது. நான் புரண்டு படுத்தேன். ஊதிக்கொண்டே இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். நிற்கவில்லை. சாக்கை உதறிக்கொண்டு வெளியே ஓடினேன். ராஜபாளையம் முழுவதும் தெருவுக்கு வந்திருந்தது.

டீ மாஸ்டர் கொதிக்கிற பாலை அப்படியே சாக்கடையில் ஊற்றிவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார். திறக்கிற கடைகள் திறக்கிற வேகத்திலேயே மூடின. தென்காசி பஸ்ஸில் ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு டிரைவர் சாவியோடு நடந்துபோனார். சலூன்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்து, ஒரு பலசரக்குக் கடைக்காரர் நடுரோட்டில் உட்கார்ந்து தலைவருக்காக மொட்டை அடித்துக்கொண்டார். மில்லுக்குள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் பெண்கள் ஒப்பாரியோடு கேட்டுக்கு வந்தார்கள். எல்லாருடைய அழுகைக்கும் மேலே சங்கு அழுதுகொண்டிருந்தது.

சங்கு அறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேனேஜர் லுங்கி பனியனோடு கதவை உதைத்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் அவருக்கு முதலில் தெலுங்குதான் வரும். "ஏமய்யா இதி! நிறுத்துய்யா! யாரு செத்தா? எனக்கு எந்தத் தகவலும் வரலியே!"

உள்ளேயிருந்து, மூச்சு முட்ட, அண்ணாச்சியின் குரல் வந்தது.

"செத்த பொறுங்க சார்! பிள்ளை இன்னும் எந்திரிக்கல!"

மேனேஜர் தூக்கிய காலை இறக்கவே இல்லை.

கடைசியில் கூரை மேல் மோட்டார் புகைந்து, ஒரு கேவல் கேவி, சங்கு நின்றது. கதவு திறந்தது. அண்ணாச்சி வேர்வையில் கோழி மாதிரி நனைந்திருந்தார். கூட்டத்தில் நான் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தேன். "ஏலே, ஓடிப் போயிப் பாத்துட்டு வா. எந்திரிச்சிட்டாளான்னு கேட்டுட்டு வா."

பஸ் இல்லை. வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் வதந்தி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது பால்கோவாக் கடைகள் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தன. ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார். ஜீப் அன்று கிளம்பவே இல்லை.

அதன் பக்கத்தில், குளித்து, தலை பின்னி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வசந்தா நின்றாள்.

"யாரும்மா எழுப்புனா?"

"என்னண்ணே கேக்கீக? அப்பாதான். சங்கு கேட்டுச்சுல்லா?"

விடுதிக்குப் போய் வார்டன் அம்மாவைக் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. "எங்க யாருக்கும் எந்தச் சத்தமும் கேக்கலப்பா. காத்துதான் அடிச்சிது. இவ மட்டும் படுக்கையில எந்திரிச்சு உக்காந்து, 'எங்கப்பா கூப்புடுதாவ'ன்னா. கடைய மூடுனதெல்லாம் அதுக்குப் பொறவுதான்."

நான் பேய்களைப் பற்றிக் கேள்விப்பட்டவன். சுடுகாட்டில் படுத்துத் தூங்கியவன். எனக்கு மயிர் குத்திட்டு நின்றது அன்றைக்குத்தான்.

வெயில் ஏறியதும் ரேடியோ உண்மையைச் சொன்னது. தலைவர் இட்லி சாப்பிட்டார், நலமாக இருக்கிறார். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, காலையில் அழுததற்கு வெட்கப்படுவதா என்று ராஜபாளையத்துக்குத் தெரியவில்லை. மொட்டை போட்ட கடைக்காரருக்கு மட்டும் தெளிவு இருந்தது. மில் கேட்டில் வந்து நின்று கத்தினார்: "தலைவரு நல்லாத்தான் இருக்காரு. எம் முடி எங்கவே?"

விசாரணை நடந்தது. அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. பிள்ளை எழுந்திருக்கவில்லை, எழுப்பினேன், எழுந்துவிட்டாள். மேனேஜருக்கும் ஒரு பெண் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தது. வேலையைவிட்டு நீக்காமல், கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றினார். பொத்தானைத் தொடக்கூடாது. புதிய ஆள் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து ஊதினான், கன்னம் உப்பாமல்.

அண்ணாச்சி என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "சங்கு எங்கையில இல்லன்னு பிள்ளைட்டச் சொல்லிராத. தைரியமாத் தூங்கிப்பிடுவா."

நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு வசந்தா ஒரு நாள்கூட ஜீப்பைத் தவறவிடவில்லை. டிரைவர் வருவதற்கு முன்பே போய் ஹாரன் அடிக்கிறாள் என்று புகார் வந்தது. எனக்கு ஆச்சரியம். தூக்கைக் கொடுக்கும்போது கேட்டேன்.

"எங்கண்ணே தூக்கம் வருது?" என்றாள். "நான் அசந்துட்டேன்னா அந்த மனுசன் மறுபடியும் ஊதிப்பிடுமே! ஊரு தாங்குமா?"

பயிற்சி முடிந்தது. உதவித்தொகை வந்தது. கடைசி வருஷமும் முடிந்தது. அவளுக்கு வடக்கே ஏதோ ஊரில் அரசாங்க வேலையே கிடைத்தது. அவளை ரயிலேற்றிவிட்ட அன்று அண்ணாச்சி ஒரு சொட்டுக்கூட அழவில்லையாம். அழவேண்டியதையெல்லாம் டவுன் பஸ்ஸுக்கே அழுது தீர்த்திருந்தார் போல. நான் அப்போது அங்கே இல்லை. எனக்கு ஊர் சலித்து, வேறு லாரியில் ஏறியிருந்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு தடவை லாரிக் கிளீனராக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. அண்ணாச்சி ரிட்டையராகி, பற்கள் உதிர்ந்து, மில்லுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்தார். மாடத்தி அக்கா சோறு போட்டாள். விடியக்காலம் லாரி கிளம்பிவிடும், இங்கே படுத்தால் தூங்கிவிடுவேன், லாரிக்கே போகிறேன் என்றேன்.

"சும்மா படுலே. நான் இருக்கேன்ல."

படுத்தேன். விடியலில் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கீழே தொடங்கி, ஏறி, உச்சியில் நின்று, இழுத்து, இறங்கியது. ஊர் எழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் உப்ப, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தார்.

எத்தனையோ லாரிகளைத் தூங்கித் தவறவிட்டவன் நான். அன்று முதல் சத்தத்திலேயே விழித்துவிட்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை ஊதட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.